மக்தலேனா எழுதிய சைக்கிள் மனு

ரங்கூனில் ஒரு கோர்ட்டு வாசலில் டைப்ரைட்டர் வைத்து மனு எழுதிக் கொடுத்தவர்கள் ஏழு பேர். ஆறு பேர் ஆண்கள். ஏழாவது ஆள், தின்கன்ஜூனிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்த மக்தலேனா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இருபத்திரண்டு வருஷமாக அதே மரத்தடி, அதே மேசை. பர்மியத்தில் அடிப்பாள், இங்கிலீஷிலும் அடிப்பாள். தமிழ்ச் சனங்கள் வந்தால் அவர்கள் அழுது முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டு, அதை நாலு வரிப் பர்மியமாக்கித் தருவாள். சொன்னதை எழுதுவாளே தவிர, தன் பங்குக்கு ஒரு சொல் சேர்த்ததில்லை. எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊரே தெருவில் இறங்கியபோது, மேசையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள். அதை அவளே சொல்வாள், மறைக்கமாட்டாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில், பான்சோடான் தெருவில் நடைபாதைக் கடையொன்றில் அட்டை போன ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் வாங்கினாள். முதல் இருபது பக்கங்களும் இல்லை. கடைசியில் இருந்த பொருளட்டவணையில் ‘மனு’ என்ற சொல்லுக்கு நேரே அரைப்பக்கத்துக்குப் பக்க எண்கள் இருந்தன. மனு எழுதும் முறையைச் சொல்லித் தரும் புத்தகம் என்று நினைத்துவிட்டாள். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்குக் கோர்ட்டு மூடியது. தெருவில் பிள்ளைகள் போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, அவள் உள்ளே உட்கார்ந்து பிரித்தாள். பிரித்தால், அது ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு.

ஜான் குவின்சி ஆடம்ஸ். அமெரிக்காவின் இரண்டாம் ஜனாதிபதிக்கு மகன். தானும் ஒரு தவணை ஜனாதிபதியாக இருந்து, அடுத்த தேர்தலில் தோற்றுப்போனவர். தோற்றவர் வீட்டோடு இருக்கவில்லை. அறுபத்து நாலாம் வயதில் தன் வட்டாரத்துக்குச் சாதாரண உறுப்பினராகக் கீழ்ச்சபைக்குப் போய் உட்கார்ந்தார். அப்படி யாரும் அதற்கு முன் செய்ததில்லை.

“கேட்டீங்களா, ஜனாதிபதியா இருந்தவரு, திரும்ப வந்து சாதாரண மெம்பரா உக்காந்திருக்காரு” என்றாள் மக்தலேனா.

அவள் புருஷன் பிரான்சிஸ் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மொஹிங்கா மீன் நூடுல்ஸில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே, “வீட்ல இருக்க முடியாத ஆளா இருந்திருப்பாரு” என்றார்.

“கேளுங்க முழுசா.”

அந்த நாளில் அமெரிக்காவில் பாதி நாடு அடிமைகளை வைத்திருந்தது. தலைநகரான வாஷிங்டனிலேயே மனிதர்களை விற்றார்கள். அதையாவது நிறுத்துங்கள் என்று சனங்கள் சபைக்கு மனு அனுப்பினார்கள். நூறு, ஆயிரம், பிறகு லட்சக்கணக்கில் கையெழுத்துகள். அடிமை வைத்திருந்த மாநிலத்து உறுப்பினர்களுக்கு அதைக் காதால் கேட்கவே பொறுக்கவில்லை. 1836இல் ஒரு விதி போட்டார்கள்: அடிமை பற்றிய எந்த மனுவும் வாசிக்கப்படாது, அச்சிடப்படாது, விசாரிக்கப்படாது, வந்ததும் ஓரமாக வைக்கப்படும். சபைக்கே போட்ட வாய்ப்பூட்டு.

மந்திரியாகவும் ஜனாதிபதியாகவும் இருந்த நாட்களில் ஆடம்ஸ் அடிமைகளைப் பற்றி அதிகம் வாய் திறந்தவரல்ல. ஆனால் சனங்கள் கொடுக்கும் மனுவை வாங்கமாட்டேன் என்று ஒரு சபை சொன்னது அவரை உலுக்கிவிட்டது. அதன் பிறகு மனுக் கொடுக்கும் நாள் வரும்போதெல்லாம் அந்தக் கிழவர் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு எழுந்தார். உட்காரச் சொன்னார்கள். அடுத்த மனுவை எடுத்தார். கத்தினார்கள். அதற்கடுத்ததை எடுத்தார். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன, அதற்கும் அசையவில்லை. எட்டு வருஷம் இப்படியே.

இடையில் எழுபத்து மூன்றாம் வயதில், ஒரு கப்பலில் கடத்திக் கொண்டுவரப்பட்டு, அந்தக் கப்பலையே கைப்பற்றிய ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது. ஆனாலும் இரண்டு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று பேசி, அவர்கள் பிறவியிலேயே சுதந்திரமானவர்கள் என்று தீர்ப்பு வாங்கினார். கடைசியில் 1844இல் வாய்ப்பூட்டு விதியைச் சபை தானே எடுத்துப் போட்டது. அதற்குப் பிறகும் நாலு வருஷம் வந்துகொண்டுதான் இருந்தார். சபையில் தன் இடத்திலேயே சாய்ந்து விழுந்து, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே உயிர் விட்டார்.

மக்தலேனா புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

“நல்ல மனுஷன்தான்” என்றார் பிரான்சிஸ். “ஆனா ஜனாதிபதியோட மகன், தானும் ஜனாதிபதி. அவர எவன் தொடுவான்? நம்மள மாதிரி ஆளு எந்திரிச்சு நின்னா, உக்காருன்னு சொல்லமாட்டான். வேன்ல ஏத்திருவான்.”

அவள் புத்தகத்தை மூடி எடுத்து வைத்தாள்.

விடுமுறை முடிந்து கோர்ட்டு திறந்த மூன்றாம் நாள், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, கன்னத்தில் தனகா மரப்பட்டைப் பூச்சு. வந்தவள் நேராக அவளிடம், “நீங்க தமிழ் ஆளுன்னாங்க அக்கா” என்றாள். பெயர் தஸ்லீமா. புருஷன் அஷ்ஃபாக் தன்லியின் சந்தைக்குப் பக்கத்தில் குடை, டார்ச் லைட், பூட்டு விற்கிற சின்னக் கடை வைத்திருந்தான். ஏப்ரல் இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்குச் சரக்கு வாங்கச் சைக்கிளில் கிளம்பினான். பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. சீருடைக்காரர்கள் போகிறவர் வருகிறவரை இறக்கி அதில் ஏற்றினார்கள். ராணுவத்துக்குச் சுமை தூக்க எல்லைப் பக்கம் கொண்டு போகிறார்களாம். அன்றைக்கு அந்த லாரியில் ஏறியவர்கள் பதினோரு பேர்.

“கூலிக்குத்தானேன்னு எங்க மாமா கேட்டுப் பாத்தாரு. கூலியாவது ஒண்ணாவது! முன்னாடி ஒரு தடவ போய்த் திரும்பி வந்த ஒருத்தன் சொன்னான், கீழ விழுந்தா அங்கயே விட்டுட்டுப் போயிருவாங்களாம்.” அவள் அழவில்லை. “தன்லியின்ல டைப் அடிக்கிறவங்க யாரும் எழுத மாட்டேங்குறாங்க அக்கா. நீங்களாவது எழுதுவீங்களா?”

மக்தலேனா பக்கத்து மேசைகளைப் பார்த்தாள். ஆறு பேரும் தங்கள் டைப்ரைட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தைச் சுருட்டி ஏற்றினாள்.

எழுதிய மனுவோடு இருவரும் மூன்று இடம் ஏறி இறங்கினார்கள். முதல் இடத்தில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் பாதி படித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது ஒரு நகர அலுவலகம். அங்கே மனு வாங்கும் குமாஸ்தா ஊ சோ மிந், மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

“சயாமா” என்றார் மரியாதையாக. படித்த பெண்களைப் பர்மியர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “இப்படி ஆளைப் பிடிக்கிற விஷயம் நடக்கறதே இல்லைன்னு எங்களுக்கு உத்தரவு. நடக்காத விஷயத்துக்கு நான் எந்த ரிஜிஸ்டர்ல பதியறது?”

அடுத்த திங்கட்கிழமையும் போனார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமையும் போனார்கள். ஐந்து திங்கட்கிழமைகள் ஊ சோ மிந் அதே காகிதத்தை அதே மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் மக்தலேனா தஸ்லீமாவுக்கு அந்தக் கிழவரின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“எட்டு வருஷமா?” என்றாள் தஸ்லீமா. “அவ்வளவு நாளு எங்க வீட்டுக்காரரு தாங்கமாட்டாரு அக்கா. அவருக்கு ஆஸ்துமா.”

அந்தச் சொல் மக்தலேனாவைச் சுட்டது. பொறுமையை மட்டும் பார்த்து வியந்துகொண்டிருந்தோமே என்று தோன்றியது. வீட்டுக்குப் போனதும் புத்தகத்தைத் திரும்ப எடுத்தாள். இந்தத் தடவை அழுவதற்காகப் படிக்கவில்லை. வழி தேடிப் படித்தாள்.

அப்போதுதான் அந்த இடம் சரியாகக் கண்ணில் பட்டது. 1837இல் ஒரு நாள் ஆடம்ஸ் எழுந்து நின்று மனுக் கொடுக்கவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார். என் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. இருபத்திரண்டு அடிமைகள் அனுப்பியதாகச் சொல்கிறது. இது அந்த விதிக்குள் வருமா, வராதா? அவ்வளவுதான். அடிமைகளே மனு அனுப்புவதா என்று சபை கொதித்துப்போனது. அவரைக் கண்டிக்க வேண்டும், வெளியே தள்ள வேண்டும், காகிதத்தைக் கொளுத்த வேண்டும் என்று நாள் கணக்காகக் கூச்சல். எதைப் பேசவே கூடாது என்று விதி போட்டார்களோ, அதையே நாள் முழுக்கப் பேசினார்கள். எல்லாம் ஆன பிறகு, அந்த மனு அடிமை முறையை ஒழிக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறது என்று கிழவர் சாவகாசமாகச் சொன்னார்.

மக்தலேனா வாய்விட்டுச் சிரித்தாள். பிரான்சிஸ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னாச்சு உனக்கு?”

“அந்த ஆபீஸ்ல எதெதுக்கு மனு வாங்குறாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? உங்க அடையாள அட்டை தொலஞ்சப்ப போனீங்களே.”

“தொலஞ்ச சாமானுக்கெல்லாம் வாங்குவான். அட்டை, மாடு, சைக்கிள்…” சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். “வேணாம்.”

“சைக்கிளுக்கு லைசன்ஸ் இருக்கும்ல?”

“மக்தா, நான் வேணாம்னு சொல்றேன். அந்த ஜனாதிபதிக்குப் பின்னால நாடே இருந்துச்சு.”

“இல்லைங்க. அதத்தான் நானும் இத்தன நாளு தப்பாப் புரிஞ்சுகிட்டேன்.” அவள் பக்கங்களைப் புரட்டினாள். “அவரு கொண்டு போனதெல்லாம் யாரு எழுதின மனு? பாதிக்கு மேல பொம்பளைங்க. ஓட்டுக்கூட கிடையாது அவங்களுக்கு. வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்காங்க. பொம்பளைங்களுக்கு இதுல என்ன வேலைன்னு சபையில கேட்டதுக்கு, ஏன் இருக்கக் கூடாதுன்னு நாள் கணக்கா பேசியிருக்காரு. அவங்க எழுதாட்டி அவரு எதத் தூக்கிட்டு நின்னிருப்பாரு?”

பிரான்சிஸ் உள்ளே போய்விட்டார். அவள் டைப்ரைட்டரின் மூடியைக் கழற்றினாள்.

மனு இதுதான். காணாமல் போன பொருள்: பச்சை நிறச் சைக்கிள் ஒன்று, லைசன்ஸ் எண் இன்னது, பின்னால் சரக்கு வைக்கும் தட்டு உண்டு, இடது மிதிகட்டை புதியது. கடைசியாகக் காணப்பட்ட இடம்: தன்லியின் பாலத்துக்குச் சற்று முன். நாளும் நேரமும் இன்னது. அப்போது சைக்கிளை ஓட்டிச் சென்றவர் ஜமால் மகன் அஷ்ஃபாக், வயது முப்பத்தாறு. சைக்கிளும் ஓட்டியவரும் சேர்ந்து இன்ன எண்ணுள்ள பச்சை லாரியில் ஏற்றப்பட்டதைப் பார்த்தவர்கள் உண்டு. அதன் பிறகு சைக்கிளைப் பற்றித் தகவல் இல்லை. கண்டுபிடித்துத் தருமாறு வேண்டிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை ஊ சோ மிந் அதைப் படித்தார். ஒரு தடவை படித்து முடித்து, திரும்ப மேலிருந்து படித்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் தன் இடுப்பு லோஞ்சி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சைக்கிள் மனு” என்றார்.

“சைக்கிள் மனுதான்” என்றாள் மக்தலேனா.

“சைக்கிள் மனுவை வாங்கமாட்டேன்னு சொல்ல எனக்கு உத்தரவு எதுவும் இல்லை.” ரிஜிஸ்டரை இழுத்து எண் போட்டார். இரண்டு பிரதியிலும் முத்திரையை ஓங்கிக் குத்தினார். ஒன்றைத் தஸ்லீமாவிடம் நீட்டினார். 

முத்திரை விழுந்த காகிதம் சும்மா கிடக்காது. அதற்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும். அது மேசை மேசையாக நகர்ந்து, எங்கேயோ ஒருவரைக் குத்தியிருக்க வேண்டும். ஐந்தாவது வாரம் மக்தலேனாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ஒரு அறை. மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. பெயர் சொல்லவில்லை. இவளை உட்காரச் சொல்லவில்லை.

“இது யார் எழுதினது?”

“நான்தான் எழுதினேன், ஐயா.”

“அரசாங்கத்தைக் கேலி செய்யறியா?”

  சபை ஆடம்ஸை விசாரித்த கதையை மக்தலேனா படித்திருந்தாள். கண்டனத் தீர்மானம் கொண்டு வந்தபோது அவர் முதலில் செய்தது, நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தின் முதல் பத்தியை உரக்க வாசிக்கச் சொன்னதுதான். இவளிடம் பிரகடனம் எதுவும் இல்லை. ஆனால் வரும் வழியில் வராந்தாச் சுவரில் ஓர் அறிவிப்பைப் பார்த்திருந்தாள்.

“ஐயா, வெளியில எழுதியிருக்கு. காணாமல் போன பொருளைப் பற்றிப் பொதுமக்கள் தாமதமில்லாமல் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்னு. அதைத்தான் செஞ்சோம். மனுவை ஒரு தரம் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. எந்த வரி பொய்யோ அதை நானே அடிச்சுத் தர்றேன்.”

அதிகாரி அவளையே பார்த்தார். வாசிக்கச் சொல்லவில்லை. மேசையில் தட்டினார். “உன் சைக்கிள் எங்கேயும் போகலை. முகாம்ல பத்திரமாத்தான் இருக்கு. ஓட்டினவனும் வேலை முடிஞ்சா வருவான். இதுக்கு மேல நீ அந்தக் கோர்ட்டு வாசல்ல உக்காரக் கூடாது. போ.”

இருபத்திரண்டு வருஷத்து மேசை அன்றோடு போனது. மறுநாள் அதை எடுக்க அவள் கிளம்பியபோது பிரான்சிஸும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.  மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்து சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றி, வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் போட்டார். ஒரு கால் ஆடியது. அட்டையை மடித்து அடியில் வைத்தார்.

“அப்ப அவன் உயிரோட இருக்கான்” என்றார் பிறகு. “அந்த ஆளே சொல்லிட்டான்ல?”

“ஆமா.”

“அதையும் எழுது.”

எழுதினாள். இரண்டாவது மனு: மேற்படி சைக்கிள் முகாமில் பத்திரமாக இருப்பதாக இன்ன தேதியில் அதிகாரி ஒருவர் வாய்மொழியாகத் தெரிவித்ததற்கு நன்றி. அதை ஓட்டியவரோடு சேர்த்து உரியவரிடம் ஒப்படைக்கும் நாளைத் தெரிவிக்க வேண்டும்.

தஸ்லீமா அதற்குள் சும்மா இருக்கவில்லை. அந்த லாரியில் போன மற்றப் பத்துப் பேரின் வீடுகளைத் தேடிப் பிடித்தாள். ஒவ்வொரு பெண்ணாகத் தின்கன்ஜூனுக்குப் பஸ் ஏறி வந்தார்கள். தமிழச்சிகள் மூன்று பேர், மற்றவர்கள் பர்மியப் பெண்கள். எல்லோரிடமும் சைக்கிள் இல்லை. தங்கமணி என்றவள் வீட்டுக்காரர் கருப்பையா பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் பிடிபட்டவர். கையில் மூன்றடுக்குச் சாப்பாட்டுத் தூக்கு. தூக்குக்கு மனு எழுதினாள் மக்தலேனா. ஒருத்திக்குக் குடை. ஒருத்திக்குக் கைக்கடிகாரம். ஒருத்தி வெகுநேரம் யோசித்து, “கால்ல செருப்பு மட்டுந்தான் போட்டிருந்தாரு” என்றாள். செருப்புக்கும் எழுதினாள். ஒவ்வொரு பொருளோடும் அதை வைத்திருந்தவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, லாரி எண்.

ஜூலை, ஆகஸ்ட் அடைமழையில் திங்கட்கிழமைதோறும் பதினோரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஊ சோ மிந் பதினோரு மனுவையும் வாங்கிப் பதிந்து முத்திரை குத்தினார். ஒரு தடவை பின்னாலிருந்து யாரோ அவரை அதட்டியது கேட்டது. அவர் திரும்பாமலே, “தொலைஞ்ச சாமான், ஐயா” என்றார்.

நவம்பர் கடைசி வாரம் ஒரு லாரி தன்லியின் சந்தை முனையில் ஒன்பது பேரை இறக்கிவிட்டுப் போனது. தஸ்லீமா ஓடிப்போய்ப் பார்த்தபோது அஷ்ஃபாக்கை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. மலேரியாவில் வற்றிப்போய், தோளில் சுமைக் கயிறு அறுத்த தழும்போடு, யாரோ கொடுத்த சட்டையில் நின்றுகொண்டிருந்தான். எதனால் விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. “பேரு பேராக் கூப்பிட்டாங்க” என்றான் அவன். “ஒரு லிஸ்ட் வச்சிருந்தாங்க. லாரி நம்பரெல்லாம் போட்டு. எங்க பேரு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு எங்களுக்கே புரியல.”

அந்தப் பட்டியலில் பதினோரு பெயர் இருந்ததாம். கூப்பிட்டபோது இரண்டு பேர் பதில் சொல்லவில்லை. ஒருவர் தங்கமணியின் கருப்பையா. இன்னொருவர் செருப்போடு போன மாங் ஹ்லா. வழியில் எங்கே விடுபட்டார்கள் என்று ஒன்பது பேரும் ஒன்பது விதமாகச் சொன்னார்கள்.

மக்தலேனா நிறுத்தவில்லை. ஊ சோ மிந்தை மறு வருஷம் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், சொல்லிக்கொள்ளாமலே போனார். அடுத்து வந்த குமாஸ்தா தூக்கு மனுவையும் செருப்பு மனுவையும் சில தடவை வாங்கினான், சில தடவை வீசினான். வருஷத்துக்கு இரண்டு தடவை அவள் எழுதினாள், தங்கமணியும் மாங் ஹ்லாவின் மனைவி மா ஹ்லாவும் கொண்டு போனார்கள். பிரான்சிஸ் இரண்டாயிரத்து மூன்றில் காலமானார். கடைசி வரை அந்த மனுக்களின் பிரதிகளைத் தேதிவாரியாகத் துளை போட்டுக் கட்டி வைத்தது அவர்தான்.

இரண்டாயிரத்து ஏழில், கட்டாய வேலை பற்றிய புகார்களை வாங்கி விசாரிக்க ரங்கூனில் வெளிநாட்டு அலுவலகம் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது என்று பேச்சு பரவியது. அறுபத்தெட்டு வயது மக்தலேனா தங்கமணியையும் மா ஹ்லாவையும் கூட்டிக்கொண்டு டாக்சியில் போனாள். முதல் தடவையாக அந்த மனுவில் தூக்கும் இல்லை, செருப்பும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பர்மியப் பெண் அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். இணைப்பாகக் கட்டியிருந்த பதினோரு வருஷத்துப் பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முத்திரைகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, “இதையெல்லாம் வாங்கினாங்களா?” என்று ஆச்சரியமாகக் கேட்டாள்.

“ஒருத்தர் வாங்கினாரு” என்றாள் மக்தலேனா.

“சரி. விவரம் சரியா இருக்கான்னு பாக்க முழுசும் ஒரு தரம் வாசிக்கிறேன். தப்பிருந்தா நிறுத்துங்க.”

அவள் நிதானமாக, தெளிவான குரலில் முதல் வரியிலிருந்து படித்தாள். கருப்பையா, தகப்பன் பெயர் மாரிச்சாமி, வயது நாற்பத்தொன்று, தன்லியின் வாசி என்று ஓர் அலுவலகத்துக்குள் சத்தமாகக் கேட்டபோது, தங்கமணி என்ன நினைத்தாளோ, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டாள். மா ஹ்லாவும் எழுந்தாள். படித்துக்கொண்டிருந்த பெண் ஒரு கணம் நிறுத்திப் பார்த்தாள். பிறகு அவளும் எழுந்து, நின்றபடியே மிச்சத்தைப் படித்து முடித்தாள்.